ஊருக்கு எப்படிப் போவீங்க?

1/
யூரோப்ல நாடு விட்டு நாடு ட்ரெயின்ல போக குறைஞ்ச விலையில டிக்கெட் எடுப்பது எப்படின்னு ஒரு த்ரெட் போடுங்க டாக்டர்னு இன்பாக்ஸ்ல நிறைய பேர் கேட்டிருந்தீங்க. வியன்னா, பிராக், பெர்லின் போட்டோ எல்லாம் போட்டு உங்களை உசுப்பி விட்டது நான்தான். சொல்றேன்.

ஆனா அதோட இன்னொரு டிக்கெட் கதையையும் சேர்த்துத்தான் சொல்ல முடியும். அது அம்பத்தூர்ல நடந்தது. அதுல தப்பு என் மேல. கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

2/
முதல்ல யூரோப்.

அங்கே தூரப் பயண ரயில் டிக்கெட், நம்ம ஊர் விமான டிக்கெட் மாதிரி. முன்னாடியே எடுத்தா மலிவு. நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். பொதுவா மூணுலிருந்து ஆறு மாசம் முன்னாடியே விற்பனை ஆரம்பிச்சுடும். ஜெர்மனியில இந்த மலிவு டிக்கெட்டுக்கு ஸ்பார்ப்ரைஸ்னு பேர், ஆஸ்திரியாவுல ஸ்பார்ஷீனே. ரத்து செய்யவோ மாத்தவோ கெடுபிடி அதிகம், ஆனா விலை குறைவு.

3/
ரெண்டாவது விஷயம்தான் முக்கியம். ஒரு ரயில் ரெண்டு நாட்டுக்கு நடுவுல ஓடுதுன்னா, ரெண்டு நாட்டு ரயில்வே தளத்துலயும் விலையைப் பாருங்க. பிராக் - பெர்லின் ரயிலுக்கு செக் ரயில்வேயும் டிக்கெட் விக்குது, ஜெர்மன் ரயில்வேயும் விக்குது. அதே ரயில், அதே நாள், அதே வகுப்பு. ஆனா விலை வேற வேற. நான் பார்த்த அன்னைக்கு நல்ல வித்தியாசம் இருந்துச்சு.

4/
மூணாவது, பாஸ். யூரோப்புக்கு வெளியே வசிக்கிற நமக்கு யூரெயில். அங்கேயே வசிக்கிறவங்களுக்கு இன்டர்ரெயில். பாஸ் இருந்தாலும் பிரான்ஸோட டி.ஜி.வி., யூரோஸ்டார் மாதிரி ரயில்களுக்கு சீட் ரிசர்வேஷனுக்குத் தனியா காசு கட்டணும். ரெண்டு மூணு பயணம்தான்னா பெரும்பாலும் தனித்தனி டிக்கெட்டே மலிவு.

நாலாவது, வழியில ரயில் மாறணும்னா முழுப் பயணத்துக்கும் ஒரே டிக்கெட்டா எடுக்கப் பாருங்க. முதல் ரயில் லேட்டாகி அடுத்ததை விட்டுட்டா, ஒரே டிக்கெட்னா பின்னாடி வர்ற ரயில்ல ஏத்திப்பாங்க. தனித்தனியா எடுத்திருந்தா நஷ்டம் நம்மளோடது.

யூரோப் பாடம் அவ்வளவுதான்.

5/
இதை நான் கத்துக்க மூணு ராத்திரி ஆச்சு. ஓ.பி. முடிச்சு, சாப்பிட்டு, பதினொரு மணிக்கு மேல லேப்டாப்பைத் திறந்து வெச்சு, நாலு தளத்துல விலையைப் பார்த்து, ஒரு பேப்பர்ல அட்டவணை போட்டு... வீட்டம்மா கூட கேட்டாங்க, "பரீட்சைக்கா படிக்கிறீங்க?"ன்னு. கடைசியில ரெண்டு பேருக்கும் சேர்த்து சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிச்சேன். ஏதோ சாதிச்ச மாதிரி தூங்கப் போனேன்.

அதே வாரத்துல அந்தத் தம்பி என் கிளினிக்குக்கு வந்தார்.

6/
அவர் ஒடிசாக்காரர். கஞ்சாம் மாவட்டம், பிரம்மபூர் பக்கம் ஒரு கிராமம். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ஒரு பட்டறையில மெஷின் ஓட்டுறார். ஆறு வருஷமா இங்கே. தமிழ் நல்லாவே பேசுவார். பட்டரவாக்கம் ஸ்டேஷன் பக்கத்துல ஒரே ரூம்ல ஏழு பேரா தங்கியிருக்காங்க. காய்ச்சல், வெட்டுக்காயம், தடுப்பூசின்னு அந்த ரூம்ல இருக்கிற எல்லாரும் என்கிட்டதான் வருவாங்க.

அன்னைக்கு வந்தது நெஞ்செரிச்சலுக்கு. ஆள் இளைச்சுப் போயிருந்தார்.

"சாப்பாடு நேரத்துக்கு சாப்பிடறீங்களா?"
"இல்ல சார். டபுள் ஷிப்ட்."
"எத்தனை நாளா?"
"நாலு மாசம் சார்."

7/
நாலு மாசம்னதும் எனக்குப் பொறி தட்டுச்சு. ஏன்னா அஞ்சாறு மாசத்துக்கு முன்னாடி அவரோட அம்மாவை என்கிட்ட கூட்டிட்டு வந்தார். மகனைப் பார்க்க வந்தவங்க. ஐம்பத்திரண்டு வயசு. "கை வலிக்குது"ன்னு வந்தாங்க. நர்ஸைக் கூட வெச்சுக்கிட்டுப் பரிசோதிச்சப்ப மார்புல வலியே இல்லாத ஒரு கட்டி. உடனே மேமோகிராம், பயாப்ஸி, சென்னையில ஒரு புற்றுநோய் மருத்துவமனைக்கு ரெஃபரல் லெட்டர். எல்லாம் ஒரே வாரத்துல. ரெண்டாம் நிலைதான். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. அடுத்து கீமோ, 21 நாளுக்கு ஒரு தடவை, ஆறு தடவை.

"சீக்கிரமே கண்டுபிடிச்சோம், நல்லாயிடுவாங்க"ன்னு சொல்லி அனுப்பினேன். என் வேலை முடிஞ்சதுன்னு நினைச்சேன்.

8/
"அம்மா எப்படி இருக்காங்க?"
"ஊர்ல இருக்காங்க சார். நாலாவது கீமோ ஒன்பது நாள் லேட் ஆயிடுச்சு."
"ஏன்? ரத்த அணு குறைஞ்சுடுச்சா?"
"இல்ல சார். டிக்கெட் கிடைக்கல."

இத்தனை வருஷ பிராக்டிஸ்ல கீமோ தள்ளிப் போக எத்தனையோ காரணம் கேட்டிருக்கேன். இதுவும் ஒரு காரணமா இருக்கும்னு என் புத்திக்கு எட்டினதே இல்ல.

9/
ஏழு ஆம்பளைங்க தங்கியிருக்கிற ரூம்ல அம்மாவை எப்படி வெச்சுக்கறது? தனி வீடு எடுக்கக் கட்டுப்படியாகல. ஊர்ல வயசுக்கு வந்த தங்கச்சி தனியா இருக்கு. அதனால ஒவ்வொரு கீமோவுக்கும் அம்மா பிரம்மபூர்லேர்ந்து சென்னை வருவாங்க, துணைக்குத் தாய்மாமன். கீமோ முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சுத் திரும்பப் போவாங்க. ஒரு வழி சுமார் 1,050 கிலோமீட்டர். ஆந்திரா முழுக்கத் தாண்டணும்.

ஒரு கீமோவுக்கு நாலு டிக்கெட். ஆறு கீமோவுக்கு இருபத்திநாலு டிக்கெட்.

10/
டிக்கெட் எல்லாம் அவருக்கு எடுத்துக் கொடுத்தது எஸ்டேட் பக்கத்துல இருக்கிற ஒரு ஏஜென்ட். ஸ்லீப்பர் டிக்கெட் ஒண்ணுக்கு ஆயிரத்து ஐநூறு ரூபாய். அதோட நியாயமான விலை ஐநூறு, அறுநூறு ரூபாய் அளவுதான். அப்போ ஒரு கீமோவுக்கு ஆறாயிரம். ஆறு கீமோவுக்கு முப்பத்தாறாயிரம்.

அவர் சம்பளம் மாசம் பதினாறாயிரம். சிகிச்சைச் செலவைப் பெரும்பாலும் மருத்துவமனையே பார்த்துக்கிச்சு. இவரைக் கடனாளி ஆக்கினது ரயில் டிக்கெட்.

பூஜை சமயம், ஊருக்குப் போனவங்க எல்லாம் வேலைக்குத் திரும்பற நேரம். அப்போ அந்த ஏஜென்டாலயும் டிக்கெட் எடுக்க முடியல. வெள்ளை அணுக்கள் குறைஞ்ச உடம்போட அம்மாவை ஜெனரல் கம்பார்ட்மென்ட்ல நிக்க வெச்சுக் கூட்டிட்டு வர இவருக்கு மனசு வரல. அதான் ஒன்பது நாள்.

11/
இங்கே கொஞ்சம் மருத்துவம். கீமோ மருந்து கட்டி செல்லையும் அடிக்கும், நல்ல செல்லையும் அடிக்கும். நல்ல செல்கள் தேறி எழ ஒரு இடைவெளி கொடுக்கிறோம். அதுதான் அந்த 21 நாள் கணக்கு. காரணமில்லாம இடைவெளி நீண்டா, மிச்சம் மீதி இருக்கிற புற்றுநோய் செல்லுக்கும் தேறி எழ நேரம் கிடைச்சுடும். ஒரு தடவை ஒன்பது நாள் தள்ளிப் போனதால எல்லாம் போச்சுன்னு அர்த்தம் இல்ல, பயப்படாதீங்க. ஆனா இது பழக்கமாகிடக் கூடாது. இன்னும் ரெண்டு கீமோ பாக்கி இருந்தது.

12/
இப்போ நான் செஞ்ச தப்பைச் சொல்றேன்.

புற்றுநோயாளிக்கு ரயில்வேயில கட்டணச் சலுகை இருக்கு. சிகிச்சைக்கோ தொடர் பரிசோதனைக்கோ போகும்போது ஸ்லீப்பர்லயும் மூணடுக்கு ஏ.சி.யிலயும் நோயாளிக்கு அடிப்படைக் கட்டணம் முழுசா தள்ளுபடி. 100 சதவீதம். துணைக்குப் போற ஒருத்தருக்கு அதே வகுப்புகள்ல 75 சதவீதம் தள்ளுபடி.

முன்பதிவுக் கட்டணம், சூப்பர்ஃபாஸ்ட் கட்டணம் மாதிரி சில்லறைச் செலவு மட்டும்தான் தனி. அம்மாவுக்கும் மாமாவுக்கும் சேர்த்து ஒரு வழிக்கு இருநூத்தைம்பது ரூபாய்க்குள்ள முடிஞ்சிருக்கும். முப்பத்தாறாயிரம் எங்கே, மூவாயிரம் எங்கே!

13/
இது எனக்குத் தெரியாதுன்னா கூட மன்னிக்கலாம். தெரியும்.

ஹவுஸ் சர்ஜனா இருந்த வருஷம், வார்டுல அந்தப் படிவத்தை எழுதினவனே நான்தான். பேர், வயசு, எந்த ஸ்டேஷன்லேர்ந்து எந்த ஸ்டேஷன், என்ன நோய்னு நிரப்பி, மேலே கையெழுத்து வாங்கி, சீல் குத்தி, நோயாளி கையில கொடுத்து, "கவுன்ட்டர்ல காட்டுங்க"ன்னு சொல்லி அனுப்பின படிவம் எத்தனையோ இருக்கும்.

தனியா கிளினிக் வெச்ச பிறகு அது மறந்தே போச்சு. அந்த மருத்துவமனையில கேட்டிருந்தா கட்டாயம் கொடுத்திருப்பாங்க. கேட்கணும்னு இவருக்குத் தெரியாது. "கேளுங்க"ன்னு சொல்ல வேண்டியவன், பிராக் டிக்கெட்டுக்கு அட்டவணை போட்டுட்டு இருந்தான்.

14/
அன்னைக்கு ராத்திரி யோசிச்சுப் பார்த்தப்ப ஒரு விஷயம் புரிஞ்சது.

யூரோப்ல ரயில் நிறைய நிறைய விலை ஏறும். நம்ம ஸ்லீப்பர்ல அப்படி இல்ல. ராஜதானி, சதாப்தி, துரந்தோல 2016-லிருந்து ஏறுவிலை இருக்கு, சரி. ஆனா சாதாரண எக்ஸ்பிரஸ் ஸ்லீப்பர்ல அறுபது நாள் முன்னாடி எடுத்தாலும் அதே விலை, நாலு நாள் முன்னாடி எடுத்தாலும் அதே விலை. இங்கே விலை ஏறாது, சீட்டுதான் தீரும். தீர்ந்த பிறகு தத்கல். ஸ்லீப்பர் தத்கலுக்குக் கூடுதலா அரசாங்கம் வாங்குறதே அதிகபட்சம் 200 ரூபாய்தான். அதுக்கு மேல போற காசெல்லாம் நடுவுல நிக்கிற ஆளுக்கு.

யூரோப்ல முன்னாடியே தெரிஞ்சவனுக்கு மலிவு. இங்கே முன்னாடியே தெரிஞ்சவனுக்கு சீட்டு. ரெண்டு இடத்துலயும் தெரியாதவன் தலையிலதான் பாரம்.

15/
மறுநாள் அந்தத் தம்பியைத் திரும்ப வரச் சொன்னேன். கிளினிக் சுவத்துல மருந்துக் கம்பெனி காலண்டர் ஒண்ணு தொங்குது. அதை எடுத்து டேபிள் மேல வெச்சோம்.

இப்போ முன்பதிவு 60 நாள் முன்னாடி திறக்குது. 2024 நவம்பர் 1-க்கு முன்னாடி அது 120 நாளா இருந்தது. கீமோ 21 நாளுக்கு ஒரு தடவை. அப்போ பாக்கி இருந்த ரெண்டு தேதியும் அந்த அறுபது நாளுக்குள்ளேயே அடங்குது. சிவப்புப் பேனாவால வட்டம் போட்டோம்.

"ஏன் தம்பி இவ்ளோ நாளா முன்னாடியே எடுக்கல?"
"ரத்தம் டெஸ்ட் சரியில்லன்னா தேதி மாத்துவாங்க சார். காசு போயிடும்னு பயம்."

முன்கூட்டியே ரத்து செஞ்சா கொஞ்சம் பிடித்தம் போக மீதி திரும்ப வரும். பேர் உறுதியான தத்கல் டிக்கெட்டை ரத்து செஞ்சாத்தான் ஒரு பைசா வராது. அவர் எது பத்திரம்னு நம்பினாரோ அதுதான் ஆபத்தானது.

16/
நான் கையெழுத்துப் போட்டா அந்தப் படிவம் செல்லாது. சிகிச்சை கொடுக்கிற மருத்துவமனைதான் ரயில்வே சொல்ற வடிவத்துல கொடுக்கணும். அதனால ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். ரெண்டே நாள்ல அங்கே போக வர படிவம் கொடுத்துட்டாங்க. அதை எடுத்துக்கிட்டு அரை நாள் லீவு போட்டு கவுன்ட்டர்ல வரிசையில நின்னார்.

சாயங்காலம் போன் பண்ணினார். "சார், டிக்கெட் கன்ஃபார்ம். அம்மாவுக்கு லோயர் பெர்த்."

17/
அஞ்சாவது கீமோ தேதி தவறாம நடந்தது. முடிஞ்ச மறுநாள் அம்மாவையும் கூட்டிட்டு கிளினிக் வந்தார். தலையில முடி இல்ல, முக்காடு. ஆனா சிரிச்ச முகம். அவங்க ஒடியாவுல ஏதோ சொன்னாங்க. தம்பி சிரிச்சுக்கிட்டே மொழிபெயர்த்தார்.

"அம்மா ராத்திரி முழுக்க ரயில்ல தூங்கலையாம் சார். டிக்கெட் விலை இவ்ளோ கம்மியா இருக்கே, இது பொய் டிக்கெட்டா இருக்கும், டி.டி.ஆர். வந்து இறக்கி விட்டுடுவார்னு பயந்து உட்கார்ந்தே வந்தாங்களாம்."

டி.டி.ஆர். வந்தாராம். டிக்கெட்டைப் பார்த்தாராம், அடையாள அட்டையைப் பார்த்தாராம். "படுத்துக்கோங்கம்மா"ன்னு சொல்லிட்டுப் போனாராம். அதுக்கப்புறம்தான் படுத்தாங்களாம்.

எனக்கு ஒரு கட்டு அப்பளம் கொண்டு வந்திருந்தாங்க. பிரம்மபூர் அப்பளத்துக்குப் பேர் போன ஊர். வாங்கிக்கும்போது எனக்குக் கை கூசுச்சு.

18/
சரி, இனி உங்களுக்கான தகவல். சேமிச்சு வெச்சுக்கோங்க.

"சலுகையை எல்லாம் எடுத்துட்டாங்களே"ன்னு நிறைய பேர் நினைச்சுட்டு இருக்கீங்க. 2020 மார்ச் 20-லிருந்து நிறுத்தப்பட்டதுல முக்கியமானது மூத்த குடிமக்கள் சலுகை. அது இன்னும் திரும்ப வரல. ஆனா நாலு வகை மாற்றுத்திறனாளிகள், 11 வகை நோயாளிகள், மாணவர்களுக்கான சலுகைகள் இன்னும் இருக்கு.

19/
நோயாளிகள்ல முக்கியமானவங்க:

- புற்றுநோய்: மேலே சொன்னது.
- இதய அறுவை சிகிச்சைக்குப் போறவங்க, சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைக்கோ டயாலிசிஸுக்கோ போறவங்க, தலசீமியா: ஸ்லீப்பர், மூணடுக்கு ஏ.சி.யில 75 சதவீதம். துணைக்கு ஒருத்தருக்கும் உண்டு.
- காசநோய்: ஸ்லீப்பர்ல 75 சதவீதம், துணைக்கும் சேர்த்து.
- ஹீமோஃபீலியா: 75 சதவீதம்.
- சிக்கிள் செல், ஏபிளாஸ்டிக் அனீமியா: 50 சதவீதம்.

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லியிலிருந்து வேலூருக்கு சிகிச்சைக்குப் போற குடும்பங்கள் எத்தனையோ. காட்பாடி வரைக்கும் ரயில்லதானே போறீங்க? உங்களுக்கும் இது பொருந்தும். நீங்க சிகிச்சை எடுக்கிற மருத்துவமனையில கேளுங்க.

20/
செய்ய வேண்டியது:

ஒண்ணு, சிகிச்சை எடுக்கிற மருத்துவமனையில "ரயில்வே கன்செஷன் படிவம்"னு கேளுங்க. எந்த ஸ்டேஷன்லேர்ந்து எந்த ஸ்டேஷன்னு தெளிவா எழுதச் சொல்லுங்க.

ரெண்டு, நோயாளி சலுகை டிக்கெட்டை ஐ.ஆர்.சி.டி.சி.யில எடுக்க முடியாது. முன்பதிவு கவுன்ட்டர்லதான். எந்த ஊர் கவுன்ட்டர்ல வேணாலும் எந்த ஊர் டிக்கெட்டும் எடுக்கலாம். நோயாளி நேர்ல வர வேண்டியதில்ல.

மூணு, தத்கல்ல எந்தச் சலுகையும் கிடையாது. அதனால அடுத்த தேதியை டாக்டர் சொன்ன அன்னைக்கே டிக்கெட் எடுங்க.

நாலு, படிவத்தை ஜெராக்ஸ் எடுத்து, அசல் அடையாள அட்டையோட பயணத்துல கையில வெச்சுக்கோங்க.

21/
அஞ்சு, 45 வயசுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் மூத்த குடிமக்களுக்கும் லோயர் பெர்த் தர தனி ஒதுக்கீடு இருக்கு. ஆபரேஷன் ஆனவங்களைக் கூட்டிட்டுப் போகும்போது வயசைச் சரியா எழுதுங்க.

ஆறு, கவுகாத்தி, பாட்னான்னு ரயில் மாறிப் போறவங்க, ரெண்டு பி.என்.ஆரையும் இணைச்சுத் தரச் சொல்லிக் கேளுங்க. 2019 ஏப்ரல்லிருந்து இந்த வசதி இருக்கு. முதல் ரயில் லேட்டாகி ரெண்டாவதை விட்டுட்டா, அந்தப் போகாத பயணத்துக்குப் பணம் திரும்ப வரும்.

ஏழு, தத்கல்தான் வழின்னா ஆதார் இணைச்ச உங்க சொந்தக் கணக்குல எடுங்க. ஏ.சி.க்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. 2025 ஜூலையிலிருந்து முதல் அரை மணி நேரம் ஏஜென்டுகளால எடுக்க முடியாது. அந்த அரை மணி நேரம் உங்களுடையது. அனுமதி இல்லாம டிக்கெட் விக்கிறது ரயில்வே சட்டத்துல சிறைத்தண்டனை வரைக்கும் போகக்கூடிய குற்றம்ங்கறதும் தெரிஞ்சிருக்கட்டும்.

22/
இதைப் படிக்கிற டாக்டர்கள், நர்ஸ் சகோதரிகள், பார்மசி நடத்துறவங்க எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள்.

"எப்போ திரும்ப வரணும்"னு நாம எழுதித் தர்றோம். "எப்படி வருவீங்க?"ன்னு கேட்கறதில்ல. மாத்திரை மூணு வேளை, ஒரு வேளைன்னு சொல்ற மாதிரி அதையும் கேட்போம். நான் இப்போ ரிவ்யூ தேதி எழுதும்போது அதுக்குப் பக்கத்துலேயே எழுதிடறேன்: "டிக்கெட்?"

23/
வாசிக்கிற நீங்க எஸ்டேட்ல சூப்பர்வைசரா இருக்கலாம், வீட்டு ஓனரா இருக்கலாம், பக்கத்து டீக்கடைக்காரரா இருக்கலாம். உங்ககிட்ட வேலை செய்யற, உங்க வீட்டுல குடியிருக்கிற வெளிமாநிலத் தம்பிகள் யாராவது "அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, ஊருக்குப் போகணும்"னு சொன்னா, லீவு கொடுக்கிறதோட இந்த ஒரு கேள்வியையும் கேளுங்க. படிவத்தை நிரப்ப உதவுங்க. அவங்க மொழி தெரியணும்னு இல்ல, உங்க மொழி அவங்களுக்குத் தெரியும்.

24/
ஆறாவது கீமோவும் போன வாரம் முடிஞ்சது. அடுத்து ரேடியேஷன் தேவையான்னு அங்கே முடிவு பண்ணுவாங்க. அந்த ஒன்பது நாளுக்கு என்ன விலைன்னு இனிமேல்தான் தெரியும். ஒண்ணுமே இல்லாமலும் போகலாம். அப்படித்தான் இருக்கணும்னு வேண்டிக்கறேன்.

தம்பி டபுள் ஷிப்டை விட்டுட்டார். நெஞ்செரிச்சலுக்கு நான் எழுதின மாத்திரையை இப்போ நிறுத்தியாச்சு. அவருக்கு வந்த வியாதிக்கு மருந்து மாத்திரை இல்ல, சீல் குத்தின ஒரு காகிதம்.

பயனுள்ளதா இருந்தா தேவைப்படறவங்களுக்குப் பகிருங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க. யூரோப் சந்தேகத்தையும் கேளுங்க, சொல்றேன்.

த்ரெட் முடிந்தது.